வாசலிலேயே சொல்லிவிட்ட வாக்கு: பிஸ்தோயாவின் செப்போ மருத்துவமனை

ஃபுளோரன்ஸிலிருந்து லூக்கா நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிஸ்தோயா வந்துவிடும். இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் உள்ள அந்த நகரத்தின் பழைய மருத்துவமனைக்குச் செப்போ என்று பெயர். அதன் முகப்பில் தூண்களும் வளைவுகளும் கொண்ட ஒரு தாழ்வாரம் இருக்கிறது. வளைவுகளுக்கு மேலே, முகப்பின் முழு நீளத்துக்கும், கண்ணாடி மெருகிட்ட வண்ணச் சுடுமண்ணால் ஆன ஒரு சிற்பப் பட்டை ஓடுகிறது. அதில் ஆடையில்லாதவருக்கு ஆடை கொடுக்கிறார்கள். வழிப்போக்கரின் கால்களைக் கழுவுகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்கள். சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்க்கிறார்கள். இறந்தவரை அடக்கம் செய்கிறார்கள். பசித்தவருக்கு உணவும் தாகம் கொண்டவருக்குத் தண்ணீரும் தருகிறார்கள். பொது இடத்தில் வைக்கப்படும் கலை ஒரு மருத்துவமனைக்கு என்ன செய்து தர முடியும் என்ற கேள்விக்கு, நான் அறிந்தவற்றுள் மிக முழுமையான விடை இந்த முகப்புதான். வந்தவர் ஒதுங்கி நிற்க ஓர் இடத்தையும், இந்தக் கட்டடம் யாருக்காக நிற்கிறது என்ற அறிவிப்பையும் அது ஒன்றாகவே தந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது கலை வரலாற்றின் வழியாக அன்று. நெருங்கிய உறவினர் ஒருவரின் நீண்ட சிகிச்சைக் காலத்தில், நோயாளியுடன் வந்தவர் என்ற முறையில் மருத்துவமனை வாசல்களில் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். உள்ளே ஒருவருக்கு மட்டும் அனுமதி என்றால், மற்றவர்கள் வெளியே எங்கே நிற்பது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. மழை வந்தால் மருந்துக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் போய் நிற்போம். கட்டடத்தின் மிகப் பெரிய எழுத்துகள் நிறுவனத்தின் பெயரையும் நன்கொடையாளர்களின் பெயர்களையும் சொல்லும். நிற்பவருக்கு அங்கே என்ன உரிமை, உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி அந்தச் சுவர் பேசாது. அப்போதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மருத்துவமனையின் வாசலைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பிஸ்தோயாவுக்கு நான் போனதும் இந்த வாசலைப் பார்ப்பதற்காகத்தான்.

செப்போவின் தொடக்கத்தை 1277ஆம் ஆண்டில் வைப்பது ஊர் மரபு. அந்திமோ, பந்தினெல்லா என்ற தம்பதியருக்கு அன்னை மரியா கனவில் தோன்றி, குளிர்காலத்தில் பூத்திருக்கும் ஓர் அடிமரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஏழைகளுக்காக ஒரு விடுதியை எழுப்பச் சொன்னார் என்பது கதை. பூத்த அடிமரம் அன்றிலிருந்து மருத்துவமனையின் சின்னமாயிற்று. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், பொதுமக்கள் சேர்ந்து நடத்திய ஓர் அறச்சபையின் பொறுப்பில் அது வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோய் தஸ்கனி முழுவதையும் வாரிக்கொண்டு போனபோது, இறந்தவர்கள் பலர் தங்கள் நிலங்களையும் பணத்தையும் இத்தகைய விடுதிகளுக்கு எழுதி வைத்தார்கள். செப்போ நகரத்தின் முதன்மையான மருத்துவமனையாக உயர்ந்தது அதற்குப் பிறகுதான். அக்கால மருத்துவமனை என்பது நோயாளிகளுக்கு மட்டுமான இடம் அல்ல என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். யாத்திரிகர், அனாதைகள், முதியோர், வேலையும் வீடும் இல்லாதவர்கள் எல்லோரும் அதன் கதவைத் தட்டினார்கள். சிற்பப் பட்டையில் ஏழு வகையான செயல்கள் இடம்பெற்றதற்கு மறைநூல் ஒரு காரணம் என்றால், அந்தக் கதவின் அன்றாட வழக்கம் இன்னொரு காரணம்.

வாசலில் தாழ்வாரம் அமைத்து அதையே மருத்துவமனையின் முகமாக்கும் எண்ணத்துக்கு முன்மாதிரி ஃபுளோரன்ஸில் இருந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அந்நகரத்துப் பட்டு வணிகர் சங்கம் 1419இல் தொடங்கிய இன்னொச்சேந்தி இல்லத்துக்கு, அச்சங்கத்தின் கீழ் வந்த பொற்கொல்லர் பிரிவைச் சேர்ந்தவரான புருனெல்லெஸ்கி முகப்பை வடிவமைத்தார். தூணின் உயரம், இரு தூண்களுக்கு இடையேயான தூரம், தாழ்வாரத்தின் ஆழம் ஆகிய மூன்றும் ஒரே அளவாக இருக்கும்படி அவர் கணக்கிட்டார். அதனால் ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு சதுரமான நிழல் அமைந்தது. இல்லம் திறந்தது 1445இல். அந்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் வந்த முதல் குழந்தைக்கு, அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால், ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். வளைவுகளுக்கு இடையே புருனெல்லெஸ்கி விட்டிருந்த வட்டக் குழிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாகவே இருந்தன. 1487இல்தான் ஆந்திரேயா டெல்லா ரோபியா அவற்றில் துணி சுற்றிய குழந்தைகளை, நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்களாகச் செய்து பதித்தார். அதன் பிறகு அந்தக் கட்டடம் எதற்கானது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அந்தக் குழந்தைகளுள் ஒன்றைத் தன் சின்னமாக வைத்திருக்கிறது. நிழல் முதலில் வந்து, அடையாளம் நாற்பது ஆண்டுகள் கழித்து அதன்மேல் ஏறிய இடம் அது.

பிஸ்தோயாவில் இவ்விரண்டுக்கும் இடையே அவ்வளவு காலம் கழியவில்லை. ஆனால் அங்கே அரசியல் நுழைந்தது. நகரம் ஏற்கெனவே ஃபுளோரன்ஸின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பன்ச்சியாத்திச்சி, கன்ச்செல்லியேரி என்ற இரு குடும்பங்களின் கட்சிச் சண்டையில் 15ஆம் நூற்றாண்டின் முடிவில் ஊரே பற்றி எரிந்தது. அதை அடக்க ஃபுளோரன்ஸ் அரசு 1501இல் தன் அதிகாரியும் பின்னாளில் அரசியல் நூல்களால் புகழ் பெற்றவருமான மாக்கியவெல்லியைத் திரும்பத் திரும்ப அங்கே அனுப்பியது. மருத்துவமனைகளின் நிலமும் வருமானமும் பெரிதாக இருந்ததால், அவற்றை யார் நிர்வகிப்பது என்பதும் இந்தச் சண்டையின் ஒரு பகுதி. அதே 1501இல் செப்போ உள்ளூர்க்காரர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, ஃபுளோரன்ஸின் பெரிய மருத்துவமனையான சாந்தா மரியா நுவோவாவின் பொறுப்பில் வைக்கப்பட்டது. அம்மருத்துவமனையின் தலைவர் லியோனார்தோ புவோனாஃபெதே என்ற, கார்த்தூசியன் சபையைச் சேர்ந்த துறவி. தாழ்வாரம் எழுந்ததும், அதன்மேல் சிற்பங்கள் ஏறியதும் இந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த கால் நூற்றாண்டில்.

புவோனாஃபெதேயின் ரசனையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1518இல் அவர் பொறுப்பில் ஒரு பலிபீட ஓவியத்தை வரைய ரோஸ்ஸோ ஃபியோரெந்தீனோ என்ற இளம் ஓவியரை அமர்த்தினார். பாதியில் வந்து பார்த்தபோது, கடுமையான கோடுகளில் நின்ற புனிதர்கள் அவருக்குப் பேய்களாகத் தெரிந்தார்கள் என்றும், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அங்கிருந்து வெளியேறிவிட்டார் என்றும், அக்காலக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஓவியம் இப்போது உஃபீட்ஸி அருங்காட்சியகத்தில் போற்றப்படுகிறது. கலை விமரிசகர்கள் இதை வைத்து அத்துறவியைப் பழமைவாதி என்று கருதுவதுண்டு. எனக்கு அவர் பக்கம் ஒரு நியாயம் தெரிகிறது. நோயுற்றவர்களைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அவர்கள் கண்ணில் படும் உருவம் அவர்களை அச்சுறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கலாம். பிஸ்தோயாவின் முகப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த கலைஞர்கள் புதுமைக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். தெளிவுக்குப் பெயர் பெற்றவர்கள்.

முதலில் வந்தவை வட்டச் சிற்பங்கள். ஆந்திரேயாவின் மகன் ஜொவான்னி டெல்லா ரோபியா 1525இல் அவற்றைச் செய்தார். வளைவுகளுக்கு இடையே, பழமும் இலையும் கோத்த மாலைகளுக்கு நடுவில், அன்னை மரியாவின் வாழ்க்கைக் காட்சிகளும், பூத்த அடிமரச் சின்னமும், நகரத்தின் சின்னமும், ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் சின்னமும் அமைந்தன. அதற்கு அடுத்த ஆண்டுகளில் சாந்தி புல்யோனியின் பட்டறை மேலே உள்ள பெரிய பட்டையைச் செய்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு எண்ணிச் சொல்லும் ஆறு செயல்களோடு, தோபித்து நூலிலிருந்து வந்த இறந்தோரை அடக்கம் செய்தலும் சேர்ந்து, கத்தோலிக்க மரபில் ஏழு இரக்கச் செயல்கள் ஆகின்றன. இந்த ஏழும் ஏழு காட்சிகளாகப் பட்டையில் வருகின்றன. முதலாவது தாழ்வாரத்தின் இடப்பக்கச் சுவரில் தொடங்கி, மற்றவை முகப்பில் தொடர்கின்றன. முகப்பின் காட்சிகளுக்கு இடையே விவேகம், விசுவாசம், அன்பு, எதிர்நோக்கு, நீதி என்ற ஐந்து நற்பண்புகள் பெண் உருவங்களாக நிற்கின்றன.

இந்தக் காட்சிகளில் நான் அதிக நேரம் நின்றது நோயாளிகளைக் காணும் காட்சியின் முன்னால். மற்ற காட்சிகளில் மறைநூலின் வாடை சற்றுத் தூக்கலாக இருக்கிறது. யாத்திரிகரை வரவேற்கும் காட்சியில், கால் கழுவப்படுபவர் யாத்திரிகர் வேடத்தில் வந்த கிறிஸ்துவே. சிறைவாசிகளின் காட்சியில், கைதிகளின் பாதுகாவலரும் புவோனாஃபெதேக்குப் பெயர் தந்தவருமான புனித லெயோனார்து வருகிறார். நோயாளிகளின் காட்சியோ ஒரு மருத்துவமனைக் கூடத்தில் நடப்பதாகவே தெரிகிறது. கட்டில்கள் இருக்கின்றன, விரிப்புகள் இருக்கின்றன. ஒரு மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறார். சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து நிறம் பார்க்கிறார்கள். நாடியும் சிறுநீரும்தான் அக்கால மருத்துவரின் இரு முதன்மையான சோதனைகள். வாசலுக்கு வந்து நிற்கும் ஒரு விவசாயிக்கு எழுத்து தெரியாது. கூடத்துக்குள் தனக்கு என்ன செய்வார்கள் என்ற அச்சம் மட்டும் இருக்கும். அந்த அச்சத்துக்கு விடையாக, உள்ளே நடக்கப்போவதை அவருடைய கண்ணெதிரே சுவரில் வைத்துவிட்டார்கள். கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், படுக்கை தருவார்கள், பக்கத்தில் ஒருவர் நிற்பார். இதைவிட நேர்மையான ஓர் அறிமுகத்தை இன்றைய மருத்துவமனைகளின் வரவேற்பறைகளில் நான் பார்த்ததில்லை.

இந்தப் பட்டை இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தாழ்வாரத்துக்குள் நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது; தெருப்பக்கம் பார்த்தபடி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. ஆகவே சதுக்கத்தைக் கடந்து வரும்போது அதைப் படித்துவிட்டு, பிறகு அதன் கீழே நுழைந்து நிழலில் நிற்க வேண்டும். சொன்னதைக் கேட்ட பிறகு சொன்னவரின் கூரைக்குள் போவதைப் போன்ற வரிசை அது. நான் போன நாளில் தூறல் இருந்தது. சதுக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தாழ்வாரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், கடைப்பைகளோடு வந்த ஒரு மூதாட்டி, என்னைப் போன்ற சில வெளியூர்க்காரர்கள். யாரும் எங்களை ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு பொதுக்கட்டடம் தன் வாசலில் கேள்வி கேட்காமல் ஆளை நிறுத்தி வைத்துக்கொள்வது பெரிய விஷயம் என்று, வாசல்களில் நின்று பழகிய எனக்குத் தோன்றியது.

சுடுமண்ணைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெருவோரச் சுவரில் ஈரச் சாந்தின் மேல் வரையும் ஓவியம் தஸ்கனியின் மழைக்கும் பனிக்கும் சில தலைமுறைகளில் மங்கிவிடும். பளிங்குக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் விலை அதிகம், நிறமும் கிடையாது. இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியை 1440களில் ஆந்திரேயாவின் தந்தையுடைய சகோதரரான லூக்கா டெல்லா ரோபியா முழுமையாக்கினார். களிமண்ணில் புடைப்புச் சிற்பத்தை வடிக்க வேண்டும். பாதி உலர்ந்த நிலையில் அதைத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறத்தையும் குடைந்து, களிமண்ணின் கனம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். முதல் முறை சுட்ட பிறகு, மணலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சை மேலே இட்டு இரண்டாம் முறை சுட வேண்டும். வெள்ளீயம் அந்தப் பூச்சை ஒளி ஊடுருவாத வெள்ளையாக்குகிறது. கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீசு ஊதா கலந்த பழுப்பையும், ஆன்டிமனி மஞ்சளையும் தருகின்றன. கடைசியில் துண்டுகளைச் சுவரில் சாந்து வைத்துப் பொருத்த வேண்டும். எங்கே அறுப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஆடையின் மடிப்பிலும், கையின் ஓரத்திலும், கட்டிலின் விளிம்பிலும் இணைப்பு மறைந்துபோகும்படி முன்கூட்டியே திட்டமிட்டு அறுப்பார்கள். நெருங்கிப் போய் நின்றால்தான் கோடுகள் தெரியும்.

இப்படிச் செய்தது மழையில் கழுவினால் மேலும் தெளிவாகும். தூசியையும் நகரத்துப் புகையையும் ஒரு நல்ல மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நோயாளிகள் வந்து போகும் ஒரு வாசலுக்கு, ஆண்டுதோறும் ஓவியரை அழைக்கத் தேவையில்லாத, கழுவக்கூடிய, மங்காத ஒரு பரப்பு வேண்டும் என்பதை நிர்வாகம் அறிந்தே செய்தது என்றுதான் நினைக்கிறேன். அருகிலேயே கிடைக்கும் களிமண்ணால் ஆனதால் பளிங்கைப் போலப் பெருஞ்செலவும் இல்லை. கலைஞர்களைப் பொறுத்தவரை, இந்தத் தொழில் தன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. சாந்தி புல்யோனி 1576இல் இறந்தார். அந்தப் பெரிய மரபு அவரோடு ஏறக்குறைய முடிந்தது.

அது முடிந்துகொண்டிருந்ததற்கான சான்று அதே முகப்பின் வலது கோடியில் இருக்கிறது. ஏழாவது காட்சியான தாகம் கொண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தலை புல்யோனியின் பட்டறை செய்யவில்லை. 1527இல் மெதிச்சி குடும்பம் ஃபுளோரன்ஸிலிருந்து விரட்டப்பட்டது; 1529இலும் 1530இலும் அந்நகரம் புனித ரோமப் பேரரசின் படைகளால் முற்றுகையிடப்பட்டது; புவோனாஃபெதே 1529இல் கொர்த்தோனாவின் ஆயராகிப் போய்விட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகப்பின் ஒரு கோடி நிறைவேறாமல் நின்றது. 1580களின் நடுவில் ஃபிலிப்போ பலதீனி என்ற கலைஞர் அந்த இடத்தை நிரப்பினார். ஆனால் மற்ற ஆறைப் போல அது மெருகிட்டுச் சூளையில் சுடப்பட்டதல்ல. உருவங்களின்மேல் நிறத்தைத் தீட்டிவிட்டிருந்தார். இன்று ஆறு காட்சிகள் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்கின்றன. ஏழாவது நிறமிழந்து, மண் நிறத்தில் தேய்ந்து நிற்கிறது. இத்தனைக்கும் அதுதான் வயதில் இளையது. பொதுக்கலைக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகிகள் இந்த ஒரு சுவரின் இரு முனைகளையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது காட்டும் சிக்கனம் எங்கே போய் முடியும் என்பதற்கு, நானூறு ஆண்டுகளுக்கு மேலான சோதனை அங்கே திறந்த வெளியில் நடந்துகொண்டிருக்கிறது.

இனி, எளிதில் விழுங்க முடியாத பகுதிக்கு வருகிறேன். பட்டையின் காட்சிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முகம் உண்டு. வெள்ளை அங்கிக்கு மேல் கருப்பு மேலாடை போர்த்திய துறவி, அவர் புவோனாஃபெதேதான். பிஸ்தோயாவின் மக்கள் தங்கள் பணத்திலும் நிலத்திலும் வளர்த்த ஒரு மருத்துவமனையை வெளியூர் அரசு எடுத்துக்கொண்டு, அதன் நெற்றியில் தன் அதிகாரியின் உருவத்தையும், கீழே மெதிச்சிகளின் சின்னத்தையும் பதித்தது. அடையாளம் தருவது என்பதற்கு இந்த முகமும் உண்டு. யாருடைய அடையாளம் என்ற கேள்வியைக் கேட்காமல் முகப்பைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்தத் தலைமுறையின் பிஸ்தோயாக்காரர் ஒருவர் இந்தச் சிற்பங்களை நிமிர்ந்து பார்த்தபோது, கருணையைவிட உரிமை கொண்டாடுதல் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

ஆயினும் இரண்டு செய்திகள் என் மனத்தில் இந்தக் குற்றச்சாட்டோடு சேர்ந்தே நிற்கின்றன. ஒன்று, அந்த அதிகாரி தன்னை வேலை செய்பவராகக் காட்டிக்கொண்டார். நன்கொடைப் பலகையில் பெயர் பொறிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. யாத்திரிகரின் காலடியில் அவர் குனிந்திருக்கிறார். நோயாளியின் படுக்கையருகே நிற்கிறார். தலைவர் செய்ய வேண்டிய வேலை இது என்று தலைவரே தன் வாசலில் எழுதி வைத்தால், அடுத்து வரும் தலைவர்களை அந்த வாசலே கணக்குக் கேட்கும். இரண்டாவது, காலம் அந்த அதிகாரியின் பெயரை அழித்துவிட்டது. சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் அந்தத் துறவி யார் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எது எந்தக் காட்சி என்று எல்லோராலும் சொல்ல முடிந்தது. முகப்பு அவர்களுடையதாகிவிட்டது.

மருத்துவமனைக்குள் தன் வேலையையே வரைந்து வைத்துக்கொண்ட வேறு இடங்களும் தஸ்கனியில் உண்டு. சியேனாவின் சாந்தா மரியா தெல்லா ஸ்காலாவில், யாத்திரிகர் கூடத்தின் சுவர்களில், 1440களில் தொமேனிக்கோ தி பார்த்தோலோவும் பிறரும் வரைந்த பெரிய ஓவியங்கள், காயம்பட்டவரைக் கழுவுவதையும் அனாதைப் பிள்ளைகளை வளர்த்து மணமுடித்துக் கொடுப்பதையும் வியப்பூட்டும் நுணுக்கத்தோடு காட்டுகின்றன. கலையாக மட்டும் எடைபோட்டால் அவை பிஸ்தோயாவின் பட்டையைவிட உயர்ந்தவை என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் அவை உள்ளே இருக்கின்றன. ஏற்கெனவே அனுமதி பெற்றுவிட்டவர்கள்தான் அவற்றைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போகலாமா என்று தயங்கி நிற்பவரிடம் பேச அவற்றுக்கு வழியில்லை.

செப்போ இருபத்தொன்றாம் நூற்றாண்டுவரை உண்மையான மருத்துவமனையாகவே இயங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தில், ஒரு சிலர் மட்டுமே உட்காரக்கூடிய, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய உடற்கூற்று அரங்கு ஒன்று இன்னும் இருக்கிறது. இந்த மருத்துவமனையின் பள்ளியில் படித்தவர் ஃபிலிப்போ பச்சீனி. 1812இல் பிஸ்தோயாவில் பிறந்த அவர், மாணவராக இருந்தபோதே, 1831இல், மனிதக் கையை அறுத்து ஆராய்கையில் தோலுக்கு அடியில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நுண்ணுறுப்புகளைக் கண்டார். அவை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. 1854இல் ஃபுளோரன்ஸில் காலரா பரவியபோது அதன் கிருமியை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவரும் அவரே. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்து புகழ் பெறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. 1965இல்தான் அறிவியல் உலகம் அந்தக் கிருமியின் பெயரோடு பச்சீனியின் பெயரையும் 1854 என்ற ஆண்டையும் முறைப்படி சேர்த்தது. நாடி பிடிக்கும் மருத்துவரின் சிற்பத்துக்குக் கீழே நுழைந்து படிக்க வந்த ஒரு மாணவர், தொடு உணர்வின் உறுப்பைக் கண்டுபிடித்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

2013இல் செப்போ மூடப்பட்டது. நகரின் மறுபக்கத்தில் சான் யாக்கோப்போ என்ற புதிய மருத்துவமனை திறந்து, படுக்கைகளும் மருத்துவர்களும் அங்கே போய்விட்டார்கள். பழைய கட்டடத்தின் ஒரு பகுதி அருங்காட்சியகமாயிற்று. இடமாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அடுக்கடுக்காக ஒட்டுப்போட்ட பழைய கட்டடத்தில் இன்றைய அறுவை அரங்குகளை நடத்துவது கடினம். ஆயினும் ஐந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த வாக்கும் செயலும் அன்று பிரிந்தன. பசித்தவரும் நோயுற்றவரும் போக வேண்டிய இடம் ஒன்று, அவர்களை வரவேற்கும் சுவர் வேறோர் இடம் என்று ஆயிற்று. சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அவை அந்தச் சதுக்கத்துக்கு உரியவை. புதிய கட்டடம் எழும்போது அதன் வாசலுக்கும் தன் காலத்துக்கான தாழ்வாரமும், தன் காலத்துக்கான பட்டையும் தேவை என்பதுதான் என் கருத்து.

இக்காலத்தில் அத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. லண்டனின் கைஸ் மருத்துவமனையில், நுழைவாயிலுக்கு எதிரே இருந்த கொதிகலன் கட்டடத்தை 2007இல் தாமஸ் ஹெதர்விக் என்ற வடிவமைப்பாளர், பின்னிய எஃகு இழைகளால் ஆன 108 வளைந்த பலகைகளால் மூடினார். இரவில் விளக்கொளியில் அது மின்னும். குழம்பிப் போகக்கூடிய அந்த வளாகத்தில் வாசல் எங்கே என்று அதை வைத்து அடையாளம் காணலாம். அது நல்ல வேலை. ஆனால் அதன் கீழே யாரும் மழைக்கு ஒதுங்க முடியாது. உள்ளே என்ன நடக்கும் என்பதை அது சொல்வதும் இல்லை. இன்றைய மருத்துவமனைக் கலையில் பெரும்பகுதி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். கட்டடக் கலைஞர் கூரையை வரைந்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் சுவருக்கோ புல்வெளிக்கோ கலைஞரை அழைக்கிறார்கள். வரைபடத்தின் முதல் தாளிலேயே இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தாழ்வாரமும் பட்டையும் ஒன்றாகப் பிறக்கும்.

பழைய இடத்தில் புதிய மருத்துவம் நடக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு, புவோனாஃபெதே தலைமை வகித்த சாந்தா மரியா நுவோவாவையே காட்டலாம். கவிஞர் தாந்தே பாடிய பெயாத்ரிசே என்ற பெண்ணின் தந்தையான ஃபோல்கோ போர்த்தினாரி 1288இல் அதை நிறுவினார். ஃபுளோரன்ஸின் நடுவில், பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், 17ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் புவொந்தலேந்தியின் வடிவமைப்பைப் பின்பற்றி எழுந்த நீண்ட தாழ்வாரத்தோடு, அது இன்றும் மருத்துவமனையாகவே இயங்குகிறது. உள்ளே கூடங்களைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நோயாளிகளுடன் வந்தவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.